கழுத்தில் தொங்கிய ரத்த வகை

பெயர், முகவரி, அப்பாவின் தொழில் எல்லாம் எழுதியாகிவிட்டது. பள்ளிக்கூடப் படிவத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கட்டம்: ரத்த வகை. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காக அதை எடுத்து வந்திருந்தவர் நாலு வீட்டில் சமையல் வேலை பார்க்கும் அக்கா. பிள்ளைக்கு அதையெல்லாம் யார் பார்த்தது என்றார். "கட்டத்தக் காலியா வுட்டா திருப்பி அனுப்புவாங்க. நீயே எதுனா போட்டுடு கண்ணு." எனக்குத் தெரிந்த ஒரே ரத்த வகை என்னுடையதுதான். ஓ பாசிட்டிவ் என்று எழுதினேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது அடையாள அட்டையில் அச்சாகி, அந்தப் பெண்ணின் கழுத்தில் தொங்கியது.

அக்காவின் கணவர் ஆட்டோ ஓட்டுபவர். யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டுவார். ஏபி பாசிட்டிவ் என்று வண்டியின் பின்னால் பெயின்டில் எழுதியே வைத்திருந்தார். "நம்மகிட்ட வேற இன்னா கீது, இதான் கீது" என்பார். ஒரு சனிக்கிழமை, பள்ளி விட்டதும் மகளை அப்படியே ஆழ்வார்பேட்டையில் ஒரு ரத்த தான முகாமுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே வந்தவர்களின் பேரை எழுதிக்கொண்டிருந்த பெண், பிள்ளையின் அட்டையைப் பார்த்துவிட்டு, அப்பா ஏபி என்றால் பிள்ளைக்கு ஓ வராதே என்று சிரித்தபடி சொல்லிவிட்டாள். அப்பாவிடம் ஏ, பி இரண்டும் இருக்கிறது, அதில் ஒன்று பிள்ளைக்கு வந்தே தீரும், ஓ என்றால் இரண்டுமே இல்லை என்று அர்த்தம். அன்றைக்கு அவர் ரத்தம் கொடுக்காமல் திரும்பினார்.

இதெல்லாம் அவர் வாயாலேயே எனக்குத் தெரிந்தது. நாலைந்து நாள் கழித்து, மழிக்காத முகத்தோடு அந்த அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். அக்காவையும் பிள்ளையையும் பெரும்பாக்கத்தில் இருக்கும் தன் மாமியார் வீட்டுக்குத் துரத்திவிட்டாராம். சொந்தக்காரப் பெரியவர்கள் முன்னால் வைக்க நகல் வேண்டுமாம். "பத்து வருசமா எவன் புள்ளையையோ தூக்கிகினு திரிஞ்சிருக்கேன்மா." எழுதியது நான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நகல் எடுத்துக் கையில் கொடுத்தேன். சொல்வதற்கு எனக்கு மூன்று நாள் ஆனது. அதற்குள் அந்தப் பிள்ளையின் மூக்கையும் நிறத்தையும் வைத்துத் தெருவே ஜாடை தேட ஆரம்பித்துவிட்டது.

சொன்னபோது அவர் நம்பவில்லை. பொம்பளைக்குப் பொம்பளை வக்காலத்து என்றார். பரிசோதித்துப் பாருங்கள் என்று கெஞ்சி, நானும் அவர் ஆட்டோவிலேயே பெரும்பாக்கம் போனேன். விஷயத்தைக் கேட்ட அக்கா மகளுக்குச் செருப்பை மாட்டி எங்களோடு அனுப்பினார். பக்கத்து லேப்பில் விரல் நுனியில் ஒரு குத்து. பி பாசிட்டிவ் என்று வந்தது. நியாயமாகப் பார்த்தால் அந்தக் காகிதம் எதையும் நிரூபிக்கவில்லை. அவர் பிள்ளையாக இருக்க முடியாது என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. அக்கா இருந்த மாடிக்குப் படியேறும்போதே அழுதார்.

அக்கா வராந்தாவில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டியபோது திரும்பவே இல்லை. "ஊருக்குக் காட்டு. எனக்குத் தெரியாததா அதுல எழுதிக் கீது?"

ஆட்டோக்காரர் மகளிடம், வா, வீட்டுக்குப் போகலாம் என்றார். அவள் விரலில் பஞ்சை அழுத்தியபடி நின்றாள்.

"ஓ-ன்னு வந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப நைனா?"

அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள், பெரும்பாக்கத்திலிருந்துதான். ஞாயிறுதோறும் அவர் போய்க் கீழே வண்டியை நிறுத்துகிறார். அவள் இறங்கி வந்து கொஞ்சம் பேசிவிட்டு மேலே ஏறிவிடுகிறாள். போன மாதம் என் கடைக்கு வந்தவர், அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று என்னிடம் கேட்டார்.