எறும்பு சொன்ன வியாதி

நான் பள்ளிக்கூடம் போன நாட்களை எண்ண ஒரு கை போதும். அதிலும் விரல் மிஞ்சும். ஆனால் சர்க்கரை விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு திமிர் இருந்தது. திருப்பதிக்குப் பக்கத்துப் புத்தூரில் மிட்டாய்க் கடையில் பாகு காய்ச்சுவது என் வேலை. கொதிக்கிற சத்தத்திலேயே பதம் சொல்லிவிடுவேன். அந்தத் திமிர்தான் என் குடும்பத்துக்கு வேட்டு வைத்தது.

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் யாருக்கு என்று சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். என் மனைவியின் ஊர் திருத்தணிப் பக்கம். அது மெட்ராஸுக்குப் போகும் என்று பேச்சு. அவளுக்கு ஏழாம் மாதம். அடிக்கடி கொல்லைக்குப் போகிறாள் என்று தண்ணீர்ச் சொம்பை ஒளித்து வைத்த மகா புத்திசாலி நான்.

வளைகாப்பு அன்று எங்கள் வீட்டுக்கு மாமனார், மச்சான், அவர்கள் ஊர் சனம் எல்லாம் வந்திருந்தார்கள். நான் கைகழுவக் கொல்லைக்குப் போனேன். அவள் ஒதுங்கிய கல்லில் எறும்பு சாரை சாரையாக மொய்த்துக் கிடந்தது. எங்கள் கடையில் எறும்பு ஏறாத பாகை முதலாளி பாகு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். நேராக உள்ளே வந்து கத்தினேன்.

"சர்க்கர வியாதிக்காரிய மறைச்சு என் தலையில கட்டிட்டீங்க. உங்க ஊர மெட்ராஸுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி உங்க பொண்ண இட்டுக்கினு போயிடுங்க. திரும்பி வர வேணாம்!"

மச்சான் வேட்டியை மடித்துக் கட்டினான்.

"லட்டு துன்னுட்டுக் கையத் தொடைக்கிற ஒன் வேட்டிய ஒதறிப் பாருய்யா. எறும்பு அதுல இருந்துதான் வந்திருக்கும்."

மனைவி அழவில்லை. கை நிறைய வளையலோடு எழுந்து நின்றாள்.

"நைனா, அவன அடக்கு," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "திருப்பதி லேடி டாக்டர்கிட்ட போவலாம் வா. வியாதின்னு சொன்னா நானே போயிடறேன். இல்லன்னா இந்த ஜனம் அத்தனைக்கும் முன்னால நீ தப்ப ஒத்துக்கணும். அதுவரைக்கும் நான் ஒன் வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

மறுநாள் மாமனார், மனைவி, நான் மூவரும் திருப்பதிக்குப் போனோம். டாக்டரம்மா அவள் மூத்திரத்தை நீலத் தண்ணீரில் விட்டுக் காய்ச்சினார். சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் என்றார். நீலம் போய் மஞ்சளாகிவிட்டது.

"பாத்தீங்களா மாமா!" என்றேன். ஏதோ நானே பரீட்சையில் தேறியது போல.

"ஏமய்யா, டாக்டர் நீயா நானா?" என்றார் அந்த அம்மா. அடுத்த நாள் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார். குளுக்கோஸ் குடிக்க வைத்து, இரண்டு மூன்று தடவை மறுபடி எடுத்தார். சாயங்காலம் கூப்பிட்டு, அவர்கள் இருவரையும் உட்காரச் சொல்லி, என்னை மட்டும் நிற்க வைத்தார்.

"ரத்தத்துல சர்க்கரை சரியா இருக்கு. இது வியாதி காதய்யா, வியாதியே இல்ல. கர்ப்பத்துல ஹார்மோன்னு ஒரு சுரப்பு ஏறும். கிட்னிக்கு ஜாஸ்தி ரத்தம் வரும், ஜாஸ்தி வடிகட்டும். வடிஞ்ச தண்ணியிலே இருக்கிற சர்க்கரையைப் பிடிச்சு ரத்தத்துக்கே திருப்பி அனுப்ப அங்க சின்னச் சின்ன செல்லுங்க இருக்கு. இப்ப வர்ற வேகத்துக்கு அதுங்க முழுசும் பிடிக்கல. கொஞ்சம் தப்பி மூத்திரத்துல போவுது. பிள்ளை பொறந்தா நின்னுடும். அடிக்கடி ஒதுங்கறதும் இதாலேதான். தண்ணி நல்லா குடுக்கறியா?"

மனைவி சொம்புக் கதையைச் சொன்னாள். அதன் பிறகு டாக்டரம்மா தெலுங்கில் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

பஸ் ஸ்டாண்டில், மொட்டை போட்டவர்கள் கூட்டத்தில் யாரும் நம்மைக் கவனிக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, மாமனார் காலைத் தொடக் குனிந்தேன்.

"இங்க யாருய்யா நம்மாளு?" என்றாள் மனைவி. "எங்க ஊர்ல வந்து சொல்லு."

அப்பாவோடு திருத்தணி பஸ் ஏறிப் போய்விட்டாள்.

ஒரு வாரம் முறைப்பாக இருந்து பார்த்தேன். பாகு தீய்ந்தது, முதலாளி துரத்தினார். நான் அவள் ஊருக்குப் போய் இறங்கியதும் மச்சான் வீடு வீடாகப் போய் ஆள் கூட்டினான். கூத்துக்குக்கூட அப்படிக் கூட்டம் சேராது.

"டாக்டரு சொன்னத அப்டியே சொல்லு," என்றாள் அவள்.

"அவளுக்கு வியாதி இல்ல. கிட்னில செல்லு இருக்குது..." என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.

"அது குடலுடா! கிட்னி முதுவாண்ட," என்றான் மச்சான். கூட்டம் சிரித்தது. நான் கையை முதுகுக்குக் கொண்டுபோய் மறுபடி ஆரம்பித்தேன். சுரப்பை விட்டுவிட்டேன் என்று அவள் நிறுத்தினாள். அதையும் சேர்த்துச் சொன்னேன். மொத்தம் மூன்று தடவை. கடைசியில், "நான்தான் அறிவு கெட்டவன்," என்று யாரும் கேட்காததையும் சேர்த்துக்கொண்டேன்.

"அது ஊருக்கே தெரியும்," என்றாள். "பொறந்தப்புறம் வந்து இட்டுக்கினு போ."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.