மெக்கின்னன் கூடாரத்தில் ஒரு லைன்மேன்

டெக்சஸில், கேட்டி நகரிலிருந்து டல்லாஸ் போகும் வழியில், ரெஸ்ட்ரூமுக்காக ஒரு சிற்றூர்ப் பூங்காவில் காரை நிறுத்துகிறேன். உள்ளே ஸ்காட்லாந்து வம்சாவளியினரின் திருவிழா. பேக்பைப் சத்தம் காதைத் துளைக்கிறது. ஒவ்வொரு குடும்பப் பெயருக்கும் தனிக் கூடாரம் போட்டிருக்கிறார்கள். மெக்கின்னன் கூடார வாசலில் ஒரு வெள்ளைப் பலகை. அந்தப் பெயரில் புகழ்பெற்றவர்களின் பட்டியல். ஒரு தளபதி, பாலம் கட்டிய பொறியாளர், இரண்டு பாதிரியார்கள்.

கட்டம்போட்ட பாவாடை அணிந்த பெண்மணி எனக்கும் என் எட்டு வயது மகள் நிலாவுக்கும் பிஸ்கட் நீட்டுகிறார். "உங்கள் குடும்பப் பெயரில் யார் பெரிய ஆள்?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்.

எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அப்பாவின் பெயரைத்தான் பின்னால் போட்டுக்கொள்வோம் என்கிறேன். என் பாஸ்போர்ட்டில் இருக்கும் சண்முகம், நாகப்பட்டினத்தில் லைன்மேன். புயலடித்தால் ஊர் முழுக்க விளக்கு எரிந்த பிறகுதான், நனைந்த சட்டையோடு எங்கள் தெருவுக்கு வருவார்.

பெண்மணி பலகைப் பக்கம் திரும்புகிறார். பிறகு மார்க்கரை எடுத்து, பொறியாளருக்குக் கீழே எழுதுகிறார்: சண்முகம், லைன்மேன்.

நிலா அதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அவள் பெயருக்குப் பின்னால் இருப்பது என் பெயர்.

"அப்பா, ஸோ மை போர்டுல நீ மட்டும்தானா?"

"ஆமாடா."

அவள் மார்க்கருக்குக் கை நீட்டுகிறாள். "வாட் ஷுட் ஐ ரைட்?"

"இப்ப வேணாம்டா. அப்பாவுக்குக் கொஞ்சம் டைம் குடு."