படுகளத்தில் என் மகள் போட்ட கோடு

எங்கள் ஊருக்குப் பாகூர் ஏரித் தண்ணீர்தான். திரௌபதி அம்மன் கோயிலுக்கு முன்னால் பெரிய வெட்டவெளி. ஓரத்தில், பிரெஞ்சுக்காரன் வருவதற்கு முன்பே கட்டியதாகச் சொல்லும் கல்மண்டபம். அந்த வெளியைப் படுகளம் என்போம். தீமிதியன்று, போரில் விழுந்த ராஜாவை, அம்மனின் பகைவனை, மண்ணால் மல்லாக்கப் படுக்க வைப்போம். கூத்தில் அவன் செத்து, அம்மன் கூந்தல் முடிந்ததும் உருவத்தைக் கலைத்துவிடுவோம். பொழுது சாயும்போது அங்கே வெறும் தரைதான் இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் அவன் பெயரைக்கூடச் சொல்வதில்லை.

மற்ற நாளெல்லாம் அங்கே டிராக்டரும் குப்பையும்தான். புதுச்சேரியில் ஓவியம் படித்த என் மகள், அந்த இடத்தைப் புதிதாக அமைக்க ஒரு படம் போட்டாள். மண்டபத்தை ஒட்டிக் கல்படிகள், சுற்றிலும் புங்க மரங்கள். நடுவில் அந்த ராஜாவின் உருவத்தையே கருங்கல் விளிம்பாகப் பதித்து, உள்ளே புல். பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து படிக்கலாம். தீமிதி வந்தால் அதற்குள்ளேயே மண்ணைக் கொட்டிக்கொள்ளலாம். ஊர் சம்மதித்தால் செய்துகொடுக்க ஆட்கள் இருந்தார்கள். அவளுக்கு அது முதல் பெரிய வேலை.

எவ்வளவு அழகான படம்! ஆனாலும் நடுவிலிருந்த அந்த உருவத்தை மட்டும் என் கண் தாண்டித் தாண்டிப் போனது.

கோயிலில் ஊர்க்கூட்டம் நடந்தது. தர்மகர்த்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இன்னாம்மா, திருநா முடிஞ்ச பெறவும் இவன் இங்கியே கெடப்பானா?”

“ஆமா பெரிப்பா. கல்லு தானே, அப்டியே இருக்கும்.”

“யம்மாடி! ஊருக்கு நடுவுல வருஷம் பூரா பொணமா?” என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

“பொண்ணு பாக்க வர்றவன இன்னான்னு கூப்புடுவ? பொணத்தத் தாண்டி வாங்கன்னா?” என்றான் என் பங்காளி.

எல்லோரும் சிரித்தார்கள். மகள் தாளின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். நான் எழுந்துவிட்டேன்.

“எங்கொழந்த கண்ணு முழிச்சிப் போட்டுக்கினு வந்துருக்கா. வெறும் கோடுதானே, எழுந்து வந்து கடிச்சிடுமா?”

“தீமிதிக்குக் காப்பு கட்டுற நீயா இதச் சொல்ற?” என்றார் தர்மகர்த்தா.

இன்னும் சத்தமாகக் கத்தினேன். பலிக்கவில்லை. வேண்டாம் என்று முடித்து, கற்பூரம் காட்டினார்கள். கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் அப்புறம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. கரும்புக்கு மடை திறந்துவிட்டு, அடைக்க மறந்து நின்றேன். விளக்கேற்றினால் மனம் நிற்கவில்லை. தாயே, என் பிள்ளை தோற்றதில் எனக்கென்ன நிம்மதி என்று அம்மனிடமே கேட்டேன்.

அடுத்த முறை மகள் ஊருக்கு வந்தபோது கிளம்புகிற நேரத்தில் சொன்னாள்.

“நீயாவது எனக்காகப் பேசினியேப்பா. படம் ஒனக்குப் புடிச்சிதுல்ல?”

வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

“ரொம்பப் புடிச்சிதும்மா. ஆனா அவன அங்கியே படுக்க வெக்க எனக்கும் மனசு ஒப்பல.”

“அப்ப எதுக்குப்பா தொண்ட கிழியக் கத்துன?”

“நீ தனியா நின்னுக்கினு இருந்தியே.”

ஸ்கூட்டரில் சாவியைப் போட்டவள், கிளப்பாமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். போய்வா என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, இறங்கி உள்ளே வா என்று கூப்பிடவும் துணிவில்லை.