பரிமாறினவருக்கு நாலணா

எனக்கு ஏழு வயதிருக்கும்போது திருப்பதியில் ஓர் ஓட்டலில் சாப்பிட்டோம். அதற்குமுன் எங்கள் வீட்டில் சித்தப்பாவைத் தவிர யாரும் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. வெளியூர் போனால் அம்மா கட்டிக்கொடுக்கும் புளிச்சோறுதான். அன்றைக்கும் அது பையில் இருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்ததும் நிழலாகப் பார்த்து உட்காரலாம் என்று நைனா சொன்னார். சித்தப்பா கேட்கவில்லை. மெட்ராஸில் வேலை பார்க்கிறவர், தன் செலவு என்று சொல்லி எங்களை இழுத்துக்கொண்டு போனார்.

அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டாள். எங்களோடு அத்தை வந்திருந்தாள். நைனாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. இரண்டு வருஷமாக எங்கள் வீட்டிலேயே இருந்தாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. கிணற்றடியில் எனக்குத் தலை பின்னிவிட ஒருத்தி இருந்தது எனக்குப் போதுமானதாக இருந்தது.

போகிற வழியில் சித்தப்பா ஓட்டல் பழக்கங்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். சத்தம் போட்டுக் கூப்பிடக் கூடாது. இலையை நாம் எடுக்கக் கூடாது. எல்லாம் முடிந்தபிறகு பரிமாறினவருக்கு டம்ளரடியில் ஏதாவது வைக்க வேண்டும். அதற்கு டிப்ஸ் என்று பெயர்.

"அதான் சோத்துக்குத் துட்டு குட்த்துட்றமே. இது இன்னாத்துக்கு?" என்றார் நைனா.

"அது சோத்துக்குண்ணா. இது போட்டவனுக்கு."

"நம்மூட்ல ஒங்கண்ணிதான் போட்றா. அவளுக்கு இன்னா வெக்கிற நீ?"

சித்தப்பா ஒரு நாலணாவை எடுத்து என் கையில் வைத்து, "நீயே வெய்" என்றார்.

அப்போது எங்கள் பக்கமெல்லாம் ஒரே பேச்சு, ஊர் ஆந்திராவிலேயே இருக்குமா, மெட்ராஸோடு சேருமா என்று. நைனா தமிழ்க் கட்சி. திருப்பதிக்குள் நுழைந்தால் ஒரு வார்த்தை தெலுங்கு பேசமாட்டேன் என்று சபதம் போலச் சொல்லியிருந்தார். ஓட்டல்காரர் கல்லாவிலிருந்து தெலுங்கில் வரவேற்றபோதும் தமிழிலேயே "நாலு இலை" என்றார்.

சாம்பார் வாளியோடு ஒருவர் வரிசையில் வந்தார். ஒல்லி, தோளில் துண்டு. எங்கள் இலைக்கு வந்ததும் நின்றுவிட்டார். கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டிக்கொண்டிருந்தது. நைனா பிசைந்த கையை அப்படியே வைத்திருந்தார். சித்தப்பா எதிரிலிருந்த தூணைப் பார்த்தார். அத்தை மட்டும் தலை நிமிரவே இல்லை. ஏதோ பழக்கத்தில் தவறிவிட்டோம் என்று எனக்குப் பயமாகிவிட்டது. நான் இலையைத் தொடவில்லையே, சத்தம் போடவில்லையே என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

அவர்தான் அத்தையின் புருஷன். நகையை விற்றுக் கிணறு வெட்டி, வெறும் பாறையைக் கண்டு, அந்த வெட்கத்தில் ஒரு விடியற்காலை யாரிடமும் சொல்லாமல் போய்விட்டவர். அவர் அங்கே பரிமாறுவதைப் போன மாதம் பார்த்துவிட்டு, சித்தப்பாதான் சாமி கும்பிடுவதாகச் சொல்லி எங்களைக் கிளப்பியிருந்தார். இதெல்லாம் நான் பெரியவளானபிறகு அம்மா சொன்னது. அன்று எனக்குத் தெரிந்தது டிப்ஸ் ஒன்றுதான்.

அவர் பரிமாறினார். அத்தையின் இலையில் மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தார். சாம்பார் வழிந்து மேஜைக்கு வந்தது. யாரும் போதும் என்று சொல்லவில்லை.

கடைசியில் அவர் மோரோடு வந்தபோது, சித்தப்பா சொல்லிக்கொடுத்தபடி நாலணாவை டம்ளரடியில் தள்ளினேன். அவர் பார்த்துவிட்டார். எடுத்து, துண்டில் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"வேணாம்மா."

"வெக்கணுமாம்," என்றேன். "சித்தப்பா சொல்லிச்சி."

அவர் உதடு கோணியது. அப்போதுதான் அத்தை நிமிர்ந்தாள்.

"துன்னியா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளியாட்களை 'ங்க' போட்டுப் பேசு என்று என் தலையில் குட்டுகிறவளே அவள்தான்.

"இல்ல. எல்லாம் போனப்பறம்தான்," என்றார் அவர்.

"சரி. நீ துன்றவரிக்கும் இங்கயே குந்திகினு இருக்கேன்."

கைகூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். இடத்துக்காக வாசலில் ஆட்கள் நின்றார்கள். ஓட்டல்காரர் எழுந்து வந்து, "லேவண்டம்மா" என்று அத்தையை எழுந்திருக்கச் சொன்னார். அத்தை அசையவில்லை. அவர் குரலை உயர்த்தினார். உடனே நைனா எச்சில் கையை முதுகுப்பக்கம் மறைத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நின்று, குனிந்து, தெலுங்கில் பேசினார். மெதுவாக, வெகுநேரம். "மா செல்லெலு" என்றது மட்டும் எனக்குக் கேட்டது. எங்கள் தங்கச்சி. சபதம் போட்டவர் ஏன் இப்படிக் கெஞ்சுகிறார் என்று எனக்குக் கோபமாக வந்தது.

ஓட்டல்காரர் அத்தையையும் பார்த்தார், மோர் வாளியோடு நின்றவரையும் பார்த்தார். பிறகு உள்பக்கம் கையைக் காட்டினார். இரண்டு பேரும் அடுப்படிப் பக்கமாகப் போனார்கள். முன்னால் அவர், பின்னால் அத்தை.

நாங்கள் வெயிலில் தெருவில் நின்றோம். ரொம்ப நேரத்துக்குப்பின் அத்தை வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. நைனாவிடமிருந்து தன் துணிமூட்டையை வாங்கினாள். புளிச்சோற்றுப் பையையும் எடுத்துக்கொண்டாள். என் கன்னத்தைத் தொட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள்.

புத்தூர் பஸ்ஸில் ஏறியதும், "அத்த வர்ல?" என்று கேட்டேன்.

"அத்த அவ ஊட்டுக்குப் பூட்டா," என்றார் நைனா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

எனக்கு நிம்மதியாக இருந்தது. எங்களுக்கு முன்னாலேயே எப்படிப் போனாள் என்பதுதான் புரியவில்லை. ஊரில் இறங்கியதும் எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடினேன். அடுப்படியில் இல்லை. கிணற்றடியில் இல்லை. மாட்டுக்கொட்டகையிலும் போய்ப் பார்த்தேன்.

அம்மா கதவோரம் நின்று, "யாரத் தேட்ற?" என்றாள்.

"அத்த ஊட்டுக்கு வந்துட்ச்சாமே," என்றேன்.

அம்மா நைனாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வைக்கோல்போரின் பின்பக்கம் போனேன்.