வாப்பாவை ஏன் தெருப்பக்கம் அடக்கினோம்

கொடுத்தவன் எடுத்துக்கொண்டான்; அவன் முடிவைப் பொருந்திக்கொண்டோம். வாப்பா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. கத்தம் ஓத வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தருகிறோம். வாப்பாவின் பெருமைகளை மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். மூத்த மகளாகிய நான், ஜனாஸாவை அடக்கிய அன்று தொடங்கி என் முகத்துக்கு நேரேயும் முதுகுக்குப் பின்னேயும் கேட்கப்படும் ஒரே கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். மையவாடியின் கடற்பக்கத்தில் உம்மாவின் கப்றுக்கு அருகில் இடம் கிடக்க, வாப்பாவை ஏன் தெருமதிலோரம் தனியாக அடக்கினீர்கள் என்பதே அந்தக் கேள்வி. "புருஷன் பொண்டாட்டியப் பிரிச்ச புள்ளைகள்" என்று ஒரு மாமி சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். மாமி, நீங்களும் வாசியுங்கள்.

வாப்பா மருதமுனையில் ஒரு தறி வீட்டில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார். கணக்குச் செய்துகொண்டிருந்தால் பசி தெரியாது என்று எங்களிடம் சொல்வார். நாங்கள் ஒருநாளும் நம்பவில்லை. நியமனம் கிடைத்ததும் நாவிதன்வெளிப் பக்கம் வயல்களுக்கூடாகச் சைக்கிள் மிதித்துப் போய்ப் படிப்பித்தார். பிறகு வலயக் கல்வி அலுவலகத்தில் கணித ஆசிரிய ஆலோசகரானார். இரண்டும் பெண் பிள்ளைகள். சீதனத்துக்கு இரண்டு வீடு கட்ட வேண்டும். தனக்கென்று ஒரு நல்ல சேட்டு வாங்கி நான் கண்டதில்லை. புள்ளி விடயத்தில் மட்டும் கல்நெஞ்சன். பெற்ற மகள் எனக்கே அரைப் புள்ளி கூட்டித் தராதவர்.

ஒவ்வொரு தவணைப் பரீட்சைக்கும் பிறகு வலயத்தின் கணிதப் பெறுபேறுகளை மீளாய்வு செய்வது அவருடைய வேலை. எந்தப் பாடசாலை எந்த வினாவில் சறுக்கியது, ஏன் சறுக்கியது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்புத் தாளில் அளவிடைப் படம் ஒன்று வந்தது. ஒரு பாடசாலை வளவு, அதற்குள்ளே கிழக்கு மதிலோரம் ஒரு கட்டடம், கிழக்கு மதிலுக்கு வெளியே நல்ல தூரத்தில் கடற்கரைக் கோடு. அளவுகள் எல்லாம் தந்து கீறச் சொல்லியிருந்தார்கள். இலேசான வினா. வலயம் முழுவதும் நன்றாகச் செய்திருந்தது, தெற்கே ஒரு கரையோரப் பாடசாலையைத் தவிர. பெயர் வேண்டாம். அங்கே அந்த வினாவுக்கு ஒரு பிள்ளைக்கும் புள்ளியில்லை. எல்லாரும் கடலை மதிலுக்கு உள்ளே, கட்டடத்தின் நடுவால் கீறியிருந்தார்கள்.

மீளாய்வுக் கூட்டத்தில் ஓர் அதிகாரி, "ஒரே பிழை, ஒரே இடத்துல. இது கொப்பிதான் சேர். டீச்சரைத் தூக்கணும்" என்றாராம்.

"கொப்பி அடிக்கிறவன் சரியான விடையத்தானே அடிப்பான்?" என்று வாப்பா கேட்டிருக்கிறார். "நான் போய்ப் பார்த்துட்டு வாறன். மறுகா கதைப்பம்."

அந்த டீச்சர் புதிதாக நியமனம் பெற்ற பிள்ளை. வாப்பாவின் கையெழுத்து விழுந்தால் அவளுடைய தொழில் அத்தோடு சரி.

அந்தக் கிழமை வாப்பாவின் கண்ணாடி உடைந்திருந்தது. கோடுகளை அளந்து சொல்ல ஆள் வேண்டுமென்று என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். நல்ல வெயில். அங்கேயும் கிழக்கு மதிலோரம்தான் ஒன்பதாம் வகுப்புக் கட்டடம்; மதிலுக்கு அப்பால் அகன்ற மணல், அதில் இழுத்துவைத்த தோணிகள், அதற்கும் அப்பால்தான் கடல். பிள்ளைகளை வேப்பமரத்தின் கீழ் தூரத் தூர இருத்தி, வினாவை வாசித்து, மறுபடியும் கீறச் சொன்னார். பரீட்சையன்று அம்மை வருத்தத்தால் தனியறையில் எழுதிய பிள்ளையும் அங்கே இருந்தாள். நான் அடிமட்டத்தோடு ஒவ்வொருவராகப் போனேன். சிலருடைய மதில் கோணல், சிலருடைய கட்டடம் சிறிசு. கடல் மட்டும் எல்லாத் தாளிலும் அதே இடத்தில் நின்றது. அல்லாஹ்வே, முதல் தாளுக்குத் திரும்பிப் போய் மறுபடியும் அளந்தேன்.

வாப்பா அம்மை வந்த பிள்ளையிடம் போய்க் குந்தினார். "மகள், கேள்வியில மதிலுக்கு வெளியில எண்டு இரிக்கே. ஏன் உள்ள கீறினீங்க?"

"வெளியிலதான் சேர் கீறினன்" என்றாள் அவள். தாளைக் குனிந்து பார்த்தாள். "வெளியிலதானே இரிக்கி?"

விளையாட்டுக்குச் சொன்ன முகமில்லை அது. வாப்பா அவளுடைய தலையைத் தடவிவிட்டு எழுந்தார்.

கூட்டத்தில் அவர் கொப்பி என்று கையெழுத்திட மறுத்தார். "விடை பிழை, புள்ளி போட மாட்டன். ஆனா அந்த டீச்சர்ல கை வைக்க விடமாட்டன்" என்றார். மீளாய்வின் அடியில், அந்த வகுப்பைக் கடற்பக்கக் கட்டடத்திலிருந்து மாற்ற வேண்டும் என்று எழுதினார். "கணக்கு சேருக்கு மூளை கலங்கிற்று" என்று அலுவலகமே சிரித்தது. பிறகு வரவேண்டிய பதவி உயர்வும் வரவில்லை. அதிபர் மட்டும் வாப்பாவின் சொல்லைத் தட்டாமல் பிள்ளைகளைத் தெருப்பக்க மண்டபத்துக்கு மாற்றினார்.

அடுத்த மாரியில், பாடசாலை நடந்துகொண்டிருந்த நேரத்தில் கிழக்கு மதில் விழுந்தது. கடல் உள்ளே வந்து அந்தக் கட்டடத்தை நடுவால் பிளந்தது. மண்டபத்திலிருந்த ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ். சிரித்தவர்கள் வாப்பாவைத் தேடி வந்தார்கள். அவர் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்.

உம்மா மௌத்தான பிறகு வாப்பா என்னோடுதான் இருந்தார். கடைசியில் சிறுநீரக வருத்தம் அவரைக் கட்டிலில் போட்டது. ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு அடிமட்டமும் பென்சிலும் கேட்டார். எங்கள் மையவாடியைக் கீறினார்: தெருமதில், வாசல், உம்மாவின் கப்று, கடற்பக்க மதில், பிறகு கடல். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். உம்மாவின் கப்று கடற்கோட்டுக்கு அங்கால கிடந்தது.

"வாப்பா, கடல உள்ள கீறிட்டீங்க."

"வெளியிலதானே மகள் கீறினன்" என்றார். பிறகு தாளைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார். "அப்ப என்னைத் தெருப்பக்கம் வைங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உம்மாவத் தனிய விட்டுட்டுப் போய்ப் படுக்கவா? நல்ல புருஷன்!" என்று கத்தினேன். அழுதேன்.

"எனக்கு மட்டும் ஆசையில்லையா புள்ள?" என்றார் வாப்பா. "நீங்க ரெண்டும் பொம்புளப் புள்ளைகள். மையவாடிக்குள்ள வரமாட்டீங்க. உம்மாவோட என்னையும் கடல் கொண்டுபோனா, ஆருக்குச் சலாம் செல்லுவீங்க? தெருமதிலோரம் கிடந்தா, போற வழியில நிண்டு சலாம் செல்லலாம்தானே."

மாமி, இதுதான் காரணம். ஜனாஸா அன்று வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, எவ்வளவோ தடுத்தும் என் கணவர் இந்த வசிய்யத்தை விடாமல் நிறைவேற்றினார். அவருக்கும், வெயிலில் கப்று வெட்டிய தம்பிமாருக்கும், ஆஸ்பத்திரி வாட்டில் வாப்பாவைத் தூக்கிப் படுக்கவைத்த தாதிமாருக்கும், மூன்று நாளும் எங்கள் அடுப்பை எரியவிடாமல் சோறு கொண்டுவந்த அயல்வீட்டாருக்கும் எங்கள் நன்றி. அந்தக் கரையோர ஊரிலிருந்து வந்து, சொல்லத் தெரியாமல் என்னைக் கட்டிப்பிடித்து அழுத டீச்சருக்கும். வாப்பாவின் பிழைகளை ரப்பு பொறுத்தருள எல்லாரும் துஆச் செய்யுங்கள்.

இப்போது வேலைக்குப் போகும்போது ஸ்கூட்டியை அந்த மதிலோரம் நிறுத்தி வாப்பாவுக்குச் சலாம் சொல்கிறேன். உம்மாவுக்கும் அங்கிருந்தே சொல்கிறேன். போன மாரிக்குப் பிறகு கொஞ்சம் உரத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கடல் சத்தம் கூடியிருக்கிறது.