எட்டாம் நம்பர்

பக்கத்து மைதானத்தில் விசில் ஊதினால் என் கை தானாகக் கணுக்காலுக்குப் போகும். இன்றும் போனது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், வாவிக்கரையில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில், கூடைப்பந்துக்கு அப்பாதான் நடுவர். ஒருநாள் பந்துக்குப் பாய்ந்த நான் கால் மடங்கி விழுந்தேன். விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தியவர் ஓடி வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "எட்டாம் நம்பருக்கு ஏலாது. மாத்து ஆள் வரட்டும்" என்றார். அடிபட்டவன் உடனே எழும்பாவிட்டால் வேறொருவன் இறங்க வேண்டும் என்பது சட்டம். பொடியன்கள் என்னைத் தூக்கிப்போய் வாகை மரத்தடியில் கிடத்தினார்கள். அப்பா திரும்பியும் பார்க்காமல் ஆட்டத்தைத் தொடங்கினார். காலை விட அதுதான் நொந்தது.

வீட்டில் அம்மா பொரிந்து தள்ளினா. "பெத்த புள்ள விழுந்து கிடக்கக்குள்ள பாத்துக்கொண்டு நிண்டீங்களோ?"

அப்பா வேப்பெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து, என் காலை மடியில் வைத்துத் தடவினார். கழுத்து விசிலைக் கழற்ற மறந்திருந்தார். குனியும்போதெல்லாம் அது என் முழங்காலில் தட்டியது. தடவிக்கொண்டே மெல்லக் கேட்டார்:

"எட்டாம் நம்பர், நோகுதா மகன்?"

அதுவரை அழாதவன் அப்போதுதான் அழுதேன்.

கணுக்காலில் இப்போது நோவில்லை. கையை எடுக்கத்தான் மனம் வரவில்லை.