படத்துக்குப் பின்னால் இருந்த சீட்டுகள்

என் அத்தையை எல்லோரும் ஃபிரேம்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மாமா இறந்த பிறகு இருபத்திரண்டு வருடமாகப் படங்களுக்கு ஃபிரேம் போடும் கடையைத் தனியாக நடத்துகிறார். அவர் அறுத்த மரச்சட்டங்களை மூலையில் சேர்த்தால் இடையில் நகம் நுழையாது. கண்ணாடியில் ஒரே கோடாகக் கீறி, மேசை விளிம்பில் வைத்துத் தட்டினால் ‘டக்’கென்று இரண்டாகும். அந்தக் கைக்குத்தான் போன வருடம் நடுக்கம் வந்தது. ஒரே வாரத்தில் பதினோரு கண்ணாடிகள் வீணாயின. டாக்டர் மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதத்தில் நடுக்கம் நின்றது.

“மாத்திரை கேட்டுடுச்சு போல அத்தை?” என்றேன்.

“மாத்திரை மட்டுமில்ல” என்று நிறுத்திக்கொண்டார்.

அதற்கு முன்பே எங்கள் சபையின் பாஸ்டர் காலமாகியிருந்தார். முப்பது வருடம் எங்களை நடத்தியவர். அவருடைய படத்துக்கு அத்தைதான் ஃபிரேம் போட்டார். அதை வாசல் பக்கச் சுவரில் மாட்டினார்கள். முதலில் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு கண்ணாடியைத் தொட்டுவிட்டுப் போனார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் பேனாவை அதில் வைத்து எடுத்தார்கள். பைபிளில், வனாந்தரத்தில் பாம்பு கடித்த ஜனங்களைப் பிழைக்க வைத்த வெண்கலச் சர்ப்பத்துக்கே பிற்காலத்தில் தூபம் காட்டினார்கள், கடைசியில் ஓர் அரசன் அதை உடைத்துப்போட வேண்டியிருந்தது என்று அந்தப் பாஸ்டரே எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறார். படத்தைத் தொடும்போது யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான்.

சபைச் செயலாளர் என் அப்பா, அத்தைக்கு அண்ணன். ஒரு சனிக்கிழமை காலையில் அந்தப் படத்தைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார்.

“கமிட்டியில முடிவாயிடுச்சும்மா. விளக்கு வச்ச பெரிய ஃபிரேமா போடு. நாளைக்கு ஆராதனைக்கு முன்னாடி பிரசங்க மேடைக்குப் பின்னாடி, நடுச்சுவத்துல மாட்டணும்.”

“அங்க சிலுவை இருக்கே அண்ணா?”

“அதைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாம்.”

அப்பா போனதும், அத்தை படத்தைக் கவிழ்த்தார். பின்பக்கத்து டேப் கீழ்ப்புறம் பிரிந்திருந்தது. ஆணிகளை நெம்பி அட்டையைத் தூக்கினார். மடித்த காகிதச் சீட்டுகள் மேசையில் கொட்டின. நாற்பதுக்குக் குறையாது. பிரிந்துகிடந்தவற்றில் முதல் வார்த்தை மட்டும் எங்கள் கண்ணில் பட்டது. எல்லாமே “பாஸ்டர் ஐயா” என்று தொடங்கின.

அத்தை குவியலைக் கிளறி ஒன்றை எடுத்தார். “இது என்னோடது.”

என்னிடம் நீட்டினார். ‘பாஸ்டர் ஐயா, என் கை நடுக்கத்தை நிறுத்துங்க. உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?’

“ஆண்டவர் பேரே இதுல இல்லடி” என்றார். புதுச் சட்டத்தை அளக்க எடுத்தவர் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஃபிரேம் போடலைன்னா கை மறுபடி நடுங்கிடுமோன்னு பயமா இருக்கு. நான் அடிச்ச ஆணி, நான் ஒட்டின டேப்பு. இதுக்குப் போய் நானே பயப்படறேன் பாரு!”

அன்று சட்டம் அறுக்கவில்லை.

மறுநாள் வெறும் படத்தைக் காகிதத்தில் சுற்றி, சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு ஆராதனைக்கு எடுத்துவந்தார். வாசலிலேயே அப்பா மறித்தார்.

“ஃபிரேம் எங்க?”

“போடல அண்ணா. ஏன்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன்.”

“நீ ஃபிரேம் போட்டா போதும். பிரசங்கம் பண்ண இங்க ஆள் இருக்கு.”

அத்தை அவரைத் தாண்டி நேராக மைக்குக்குப் போய், தன் சீட்டை வாசித்தார். வேறு யாருடையதையும் பிரிக்கவில்லை. “இது நான் செஞ்ச பாவம். மத்தவங்க சீட்டு இந்த டப்பாவுல இருக்கு, வந்து எடுத்துக்குங்க. அந்த நடுச்சுவத்துல இந்தப் படத்தை நான் மாட்ட மாட்டேன்.”

பின்னாலேயே வந்து முன்வரிசையில் நின்றிருந்த அப்பா குறுக்கிட்டார். “அந்தக் கை யாரால சரியாச்சுன்னு மறந்துட்டியா? இப்படிப் பேசினா அது என்ன ஆகும்?”

அந்தக் கை அப்போதே நடுங்கத் தொடங்கியது. சீட்டு படபடக்கும் சத்தம் மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

“நடுங்கட்டும் அண்ணா. கையைக் குடுத்தவர்கிட்டயே கேட்டுக்கறேன்.”

பாஸ்டருடைய மனைவி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“முப்பத்தஞ்சு வருஷம் அவரோட குடித்தனம் பண்ணினேன். மூக்குக் கண்ணாடியை நெத்தியில ஏத்தி வச்சுக்கிட்டு வீடு பூரா தேடுவாரு. அவரு எங்க உங்க சீட்டையெல்லாம் தேடிப் படிக்கிறது?”

ஒருவர் சிரித்தார். அது பெஞ்சு பெஞ்சாகப் பரவியது.

“என்கிட்ட அவர் படம் பெருசா ஒண்ணுகூட இல்ல. என் வீட்டுக்காரரை எனக்குத் திருப்பிக் குடுங்க. வீட்டுல மாட்டி வச்சுப் பழைய சண்டையெல்லாம் போட்டுக்கறேன்.”

அத்தை படத்தை அவர் கையில் கொடுத்தார். பிறகு ஒவ்வொருவராக டப்பாவிடம் வந்தார்கள். அவரவர் சீட்டைத் தேடி எடுத்துக் கிழித்தார்கள். கடைசியாக வந்தவர் என் அப்பா. அவருடைய சீட்டு டப்பாவின் அடியில் கிடந்தது. கிழித்த துண்டுகளைக் கைக்குள் பொத்திக்கொண்டு, சிலுவையை நிமிர்ந்து பார்த்தார்.

“மைக்கைக் கொஞ்சம் குடும்மா” என்றார்.

அப்பாவுக்குச் சுருதியே சேராது. அன்றைக்கு அவரே துதிப்பாட்டை எடுத்துக்கொடுத்தார். மொத்தச் சபையும் எழுந்து, ஜன்னல்கள் அதிரப் பாடியது. அத்தையின் கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. அதை எல்லோருடைய கையையும்விட உயரத் தூக்கியபடி அவர் பாடினார்.